திருவிருந்துக்கு வந்த துப்பாக்கி: டெக்சாஸ் தமிழ்ச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்



போன மாதத் திருவிருந்து ஆராதனையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் போய்ப் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டு, வலக்கையை இடக்கையின் மேல் வைத்து ஏந்தினார். குனிந்ததில் சட்டை ஒரு சாண் மேலேறியது. இடுப்பு வாரில், கறுப்பு உறைக்குள், ஒரு கைப்பிடி தெரிந்தது. ஆயர் அப்பத்தை அவர் கையில் வைத்தார். அவர் ஆமென் சொன்னார். எழுந்திருக்கும்போது, யாரும் சொல்லாமலே, இடக்கை பின்னால் போய்ச் சட்டையை இழுத்துவிட்டது. நழுவுகிற மூக்குக் கண்ணாடியை நாம் ஏற்றிவிடுவோமே, அப்படிப் பழகிப்போன கை.

அடுத்தது என் முறை. முழங்காலிட்டேன். அப்பம் வாங்கினேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

அவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். என் இளைய மகள் பிறந்த ராத்திரி பனிமழையில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய கார்தான். ஆகவே இது அவர்மேல் புகார் இல்லை. பெயரைக் கேட்காதீர்கள். கேட்டும் பிரயோஜனமில்லை; நம் சபையில் மட்டும் குறைந்தது ஐந்து பேர் அப்படித்தான் வருகிறோம் என்று அவரே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் செயற்குழுவின் தீர்மான வரைவு வந்தது. எட்டு ஆண்களைத் தேர்ந்தெடுப்பது. ஆராதனை நேரத்தில் அவர்கள் வெளியே தெரியாமல் துப்பாக்கி வைத்திருப்பது. பயிற்சிச் செலவைப் பொதுக் காணிக்கையிலிருந்து கொடுப்பது. இதற்குப் ‘பாதுகாப்பு ஊழியம்’ என்று பெயர் வைப்பது. வருடாந்தரக் கூட்டத்தில் கை தூக்கிச் சம்மதம் சொல்ல வேண்டுமாம். பக்கத்து ஊர்ச் சபைகள் இரண்டிலும் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் செயற்குழுவுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் என்னைக் குத்தியது அந்தப் பெயர்தான். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் போய்ப் பார்ப்பதை ஊழியம் என்கிறோம். சிறைக்குப் போய்ப் பாடுவதை, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை, ஆராதனை முடிந்து நாற்காலி அடுக்குவதைக்கூட ஊழியம் என்கிறோம். ஒருவனைச் சுட ஆயத்தமாயிருப்பது அவசியம் என்று நீங்கள் நினைத்தால், அவசியம் என்றே சொல்லுங்கள். துக்கத்தோடு சொல்லுங்கள். ஊழியம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. நாம் இருக்கும் டாலஸ் புறநகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், வொயிட் செட்டில்மென்ட் ஊருக்கு. 2019 டிசம்பர் 29, ஞாயிறு காலை. வெஸ்ட் ஃப்ரீவே சபையில் திருவிருந்து நடந்துகொண்டிருக்கிறது. பொய்த்தாடி வைத்து வந்த ஒருவன் எழுந்து சுடுகிறான். ஆறு விநாடிக்குள் சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஜாக் வில்சன் ஒரே குண்டில் அவனை வீழ்த்துகிறார். நேரலையில் பதிவான அந்தக் காட்சியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தீர்மான வரைவுக்குக் கீழே யாரோ அதை ஒட்டியும் இருந்தார்கள். வில்சன் அன்று எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அதை மறுப்பவன் பொய்யன்.

ஆனால் அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். வில்சன் யார்? முன்னாள் ரிசர்வ் காவல் அலுவலர். துப்பாக்கிப் பயிற்சிக் களம் நடத்திய பயிற்றுநர். நம் எட்டுப் பேர் யார்? தரவுத்தளம் பார்க்கிறவர்கள், பல் வைத்தியர் ஒருவர், பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற நம் அண்ணாச்சி. அன்று உள்ளே வந்தவன்மேல் அந்தக் குழுவுக்கு முதலிலேயே சந்தேகம் விழுந்து, கண் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் இருவர் செத்தார்கள். ஒருவர் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர், தன் துப்பாக்கியை உருவிக்கொண்டிருந்தவர். மற்றவர் திருவிருந்து பரிமாற நின்றவர். சத்தம் ஓய்ந்ததும் இன்னும் சில விசுவாசிகள் கையில் துப்பாக்கியோடு வரிசைகளுக்கு நடுவே நகர்வதும் அதில் தெரிகிறது. நம் ஆலயத்தில், பிள்ளைகள் நடுப்பாதையில் ஓடுகிற நேரத்தில், எட்டுப் பேர் ஒரே சமயத்தில் உருவினால் யார் சுட வந்தவன், யார் நம் ஆள் என்று அந்த ஆறு விநாடியில் யாருக்குத் தெரியும்?

இன்னொரு செய்தியும் உண்டு, அது யார் பகிர்ந்ததிலும் வரவில்லை. சுட்டவனுக்கு அதற்கு முன்பு அந்தச் சபை சாப்பாடு கொடுத்து உதவியிருந்தது. இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப்போவதில்லை. எனக்கு இது மனசில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, நம் மாநிலத்துச் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் படுகொலை? 2017 நவம்பர் 5. சிறிய பாப்திஸ்து ஆலயம். கருவிலிருந்த பிள்ளையையும் சேர்த்து 26 உயிர்கள். அருகே குடியிருந்த ஸ்டீபன் வில்லிஃபோர்டு வெறுங்காலோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, வெளியே வந்த கொலைகாரனைச் சுட்டார். ‘துப்பாக்கி ஏந்திய நல்ல மனிதன்’ என்று நீங்கள் சொல்வது அவரைத்தான், எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. கொலைகாரன் விமானப்படையில் இருந்தபோது வீட்டாரைக் கொடுமை செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டவன். அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவித்திருந்தால் கடைக்காரர் அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்க முடியாது. தெரிவிக்கவில்லை. 2021இல் நீதிமன்றம் அந்தச் சாவுகளுக்கு 60 சதவீதப் பொறுப்பை அரசாங்கத்தின்மேல் வைத்தது.

சார்ல்ஸ்டனிலும் இதே கதைதான். 2015 ஜூன் 17, புதன் இரவு, இமானுவேல் ஆலயத்தில் வேதபாடம். முன்பின் தெரியாத ஒரு வெள்ளை இளைஞன் வந்தான். உட்கார இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தான். ஜெபத்துக்குக் கண்களை மூடியபோது சுட்டான். போதகரும் மாநில செனட்டருமான கிளமென்டா பிங்க்னியையும் சேர்த்து ஒன்பது பேர் செத்தார்கள். அவனுக்கும் துப்பாக்கி விற்றிருக்கக் கூடாது; எஃப்.பி.ஐ.யே பிறகு ஒப்புக்கொண்டது. விசாரணை மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுக்கொள்ளலாம் என்று சட்டம். விசாரணை முடியவில்லை, விற்றார்கள். வாங்க வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது, பாருங்கள்! இந்த இரண்டு ஊரிலும் காவல் முதலில் தவறியது கடை வாசலில். ஆலய வாசல் அதற்கு ரொம்பப் பிறகு வருகிறது. கடை வாசலைப் பற்றி நம் சபையில் ஒரு வார்த்தை பேசினால், “அரசியல் வேண்டாம் பிரதர்” என்கிறீர்கள். ஆலய வாசலில் ஆயுதம் நிறுத்துவது மட்டும் அரசியல் இல்லையா?

வேதத்தைக் கொண்டுவந்து பதில் சொல்வீர்கள் என்று தெரியும். சொல்லியும்விட்டீர்கள். வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கச் சொன்னாரே ஆண்டவர், லூக்கா 22இல்? சொன்னார். சீஷர்கள் இரண்டு பட்டயம் காட்டினார்கள், போதும் என்றார். அத்தனை பேருக்கு இரண்டு! கொஞ்ச நேரத்துக்குள் அதில் ஒன்று வெளியே வந்தது. யார்மேல் விழுந்தது? பிரதான ஆசாரியன்மேலா, யூதாஸ்மேலா? மல்குஸ் என்கிற வேலைக்காரனின் காதில். சிலுவைக்குப் போகுமுன் ஆண்டவர் செய்த கடைசிக் குணமாக்குதல் எதுவென்று யோசித்திருக்கிறீர்களா? தம்மைக் காப்பாற்ற வந்த சீஷன் செய்த காயத்தை ஆற்றியதுதான். அவர் பேதுருவின் பட்டயத்தை உறைக்குள் போடச் சொன்னதில் எல்லாப் போர்வீரர்களின் இடுப்பிலிருந்தும் அதைக் கழற்றிவிட்டார் என்று அர்த்தம் கண்டார் தெர்த்துல்லியன், 1,800 வருஷத்துக்கு முன்பு. நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றது உண்மை. அவர்கள் கட்டியது பட்டணத்து மதில், ராஜாவின் உத்தரவோடு. நாம் கட்டியிருப்பது அதுவா?

உங்களுக்குச் சாதகமான ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். பவுலைக் கொல்ல நாற்பது பேருக்கு மேல் சபதம் போட்டிருந்தபோது, 470 சேவகர்கள் காவலோடு அவர் செசரியாவுக்குப் புறப்பட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே காவலே கூடாது என்று நான் வாதாட மாட்டேன். அந்தச் சேவகர்கள் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள், சீருடை போட்டவர்கள். அப்பம் பிட்ட கையோடு உறையில் கைவைக்கிற சகோதரர்கள் அல்ல. பயம் தாங்கவில்லை என்றால், பணி முடிந்த காவலர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து, சீருடையோடு, வாகன நிறுத்தத்தில் நிறுத்துங்கள். எனக்கு அதுவும் பிடிக்காது. ஆனால் அதற்கு எதிராகக் கை தூக்க மாட்டேன்.

பயிற்சி விற்க வந்த நிறுவனத்துக்காரர் நம் கூட்டத்தில் சொன்ன உவமை ஞாபகமிருக்கிறதா? உலகத்தில் மூன்று விதமான ஆட்கள்: ஆடு, ஓநாய், மந்தையைக் காக்கும் மேய்ப்பநாய். முன்னாள் ராணுவ அதிகாரி டேவ் கிராஸ்மன் பரப்பிய உவமை அது. இந்த நாட்டு ஆலயப் பாதுகாப்புக் கூட்டங்களில் வேத வசனம் மாதிரி ஓடுகிறது. நம் இளைஞர்கள் தலையாட்டினார்கள். ஓநாய்களுக்குள்ளே ஆடுகளை அனுப்புவதாக ஆண்டவர் சொன்ன அதிகாரத்தில் தேடிப் பார்த்தேன். ஆடும் ஓநாயும் இருக்கின்றன; மேய்ப்பநாய் இல்லை.

சுதந்திரத்துக்கு வருகிறேன். “இது என் உரிமை, இந்த நாட்டில் இரண்டாம் திருத்தம் இருக்கிறது” என்கிறீர்கள். இருக்கிறது, 1791 முதல். தனி மனிதனுக்கு உரிய உரிமைதான் அது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் உறுதி செய்தது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸ் சட்டம் ஆலயங்களைத் துப்பாக்கி கூடாத இடங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2021இலிருந்து 21 வயதான பெரும்பாலோருக்கு உரிமமும் தேவையில்லை. உரிமை உங்களுடையதுதான், நான் பிடுங்க வரவில்லை. என் கேள்வி வேறு: உரிமை இருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டுமா?

கொரிந்து சபையில் இறைச்சித் தகராறு வந்ததே. விக்கிரகத்துக்குப் படைத்த கறி சந்தையில் விற்கிறது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்த விசுவாசி அதை வாங்கித் தின்னலாம். அவன் உரிமை. பவுலும் தின்னலாம் என்றே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது பலவீனமான சகோதரனுக்கு இடறலாக இருக்குமென்றால் என்றென்றைக்கும் கறியே வேண்டாம் என்று விடுகிறார். தமிழ்நாட்டு நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எனக்கு, ஒருவன் கறியை ஆயுளுக்கும் விடுவது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரியும்! சபைக்குள் சுதந்திரம் என்பதற்குப் பவுல் வைத்த அளவு அது. என்னால் எதை எடுக்க முடியும் என்பதைவிட, இன்னொருவருக்காக எதை வைத்துவிட்டு வர முடியும் என்பது.

நம் சபையில் அந்தப் பலவீனமான சகோதரி யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து வந்தவர். தீர்மானத்தைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, கோயிலுக்குள்ள துவக்குச் சத்தம் கேட்ட ஆக்கள் நாங்க. இஞ்சயும் அது வேணுமா?” அவருடைய ஊர்ப் பேராலயத்துக்குள்தான் 2005 கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அக்கா இப்போது கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். கவனித்தீர்களா? யாருடைய சட்டைக்குள் இருக்கிறது என்று தெரியாததால், எல்லாருடைய சட்டையையும் பார்க்கிறார்.

நாமும் யாரோ ஒருவருடைய கண்ணுக்கு அந்நியர்கள்தான். 2017இல் கன்சாஸ் மாநிலத்து ஓலேத்தாவில், வேலை முடிந்து உட்கார்ந்திருந்த இந்தியப் பொறியாளரை, தன் நாட்டை விட்டுப் போகச் சொல்லிச் சுட்டான் ஒருவன். 2012இல் விஸ்கான்சினில் சீக்கிய குருத்வாராவுக்குள் புகுந்து சுட்டான் இன்னொருவன். நாளைக்கு நம் பிள்ளைகளில் ஒருவன், தாடி வைத்த கறுத்த பையன், முதுகில் பையோடு முன்பின் தெரியாத வெள்ளைக்காரச் சபை ஒன்றுக்குள் நுழைகிறான் என்று வையுங்கள். 2017இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் வெள்ளை இவாஞ்சலிக்கல்காரர்களில் 41 சதவீதம் பேர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். நாடு முழுக்க அது 30தான். அந்த வாசலில் சட்டைக்குள் கைவிட்டபடி அவனை அளவெடுக்கிற ஒருவர் நிற்கிறார். நாம் நம் வாசலில் நிறுத்தப்போகிறவருக்கும் அதே கண்தான் வரும். வராமல் இருக்க முடியாது. அந்த வேலையே அதுதான்.

தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆராதனை இரண்டு மணி. மீதி 166 மணி நேரம் அந்த எட்டுத் துப்பாக்கியும் எங்கே இருக்கும்? உங்கள் வீட்டில். படுக்கையறை மேஜையில், கார் டாஷ்போர்டில், பூட்ட மறந்த பெட்டியில். 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல். பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். விசா சிக்கலில் தூக்கம் கெட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறைகூட வராத, அநேகமாக ஒருபோதும் வராத கொலைகாரனுக்காக, தினமும் ராத்திரி நம்மோடு படுக்கிற ஆபத்தை உள்ளே கொண்டுவருகிறோம். பெற்றோரே, இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் இன்னொரு முறை படியுங்கள்.

இனி காசு. பயிற்சி நிறுவனம் கொடுத்த விலைப்பட்டியலைப் பார்த்தீர்கள். பயத்துக்கு இந்த நாட்டில் நல்ல விலை; பக்தியையும் சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்ல விலை. 2015இல் ஃப்ளோரிடா நிறுவனம் ஒன்று ‘குருசேடர்’ என்று ஒரு துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் சிலுவைப் போர்வீரர்களின் சின்னம், 144ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம். பாதுகாப்புத் திருகில் மூன்று நிலை: முதலாவது சமாதானம், அடுத்தது யுத்தம், கடைசியில் தேவ சித்தம். ஆம், தேவ சித்தம்! மிச்சிகனில் இன்னொரு நிறுவனம் ராணுவத்துக்கு விற்ற குறிபார்க்கும் கண்ணாடிகளில், வரிசை எண்ணின் வாலில், யோவான் 8:12 என்று குறுக்கிப் பொறித்து அனுப்பியது. உலகத்துக்கு ஒளியைப் பற்றிய வசனம் அது. 2010இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் நிறுத்தியது. 2022 மே மாதம் ஒரு ஜார்ஜியா நிறுவனம், கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் சின்னக் குழந்தையின் படத்தைப் போட்டு, பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தச் சொல்லும் நீதிமொழியைப் பக்கத்தில் எழுதியது. எட்டு நாள் கழித்து யுவால்டி பள்ளிப் படுகொலை. நம் மாநிலம். 19 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். கொலைகாரன் கையில் இருந்தது அதே நிறுவனத்தின் துப்பாக்கி.

இதைச் சொன்னால் “சந்தை அப்படித்தான், சுதந்திரமான வியாபாரம்” என்று தோளைக் குலுக்குகிறார்கள் சிலர். எது சுதந்திரமான சந்தை? மற்ற பொருள் செய்கிறவர் பொருளால் கேடு வந்தால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். துப்பாக்கி செய்கிறவர்களைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காப்பாற்ற 2005இல் காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டுக் கொடுத்தது. லாபம் அவர்களுக்கு, பிணம் நமக்கு. இதற்கு முதலாளித்துவம் என்று பெயர் வைத்தால், முதலாளித்துவத்தை மெச்சுகிறவர்களே முதலில் கோபப்பட வேண்டும்.

சந்தையும் சிலுவையும் இந்த நாட்டில் ஒன்றாகவே பிறந்தவை என்று நம்மில் பலர் நம்புகிறோம், வந்திறங்கிய நாளிலிருந்து கேட்டது அதுதான். ஆனால் அந்தக் கலியாணத்துக்குத் தரகர்கள் இருந்தார்கள். 1930களில் அதிபர் ரூசவெல்ட்டின் புதிய திட்டங்களை வெறுத்த பெரும் தொழிலதிபர்கள், போதகர்கள் வழியாகத் தங்கள் வழக்கைப் பேசத் தீர்மானித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் போதகர் ஜேம்ஸ் ஃபிஃபீல்டு 1935இல் தொடங்கிய இயக்கத்துக்கு சன் ஆயில் நிறுவனத்தின் ஹோவர்டு பியூ போன்றவர்கள் பணம் கொட்டினார்கள். வரி, தொழிலாளர் சட்டம், அரசு உதவி இவையெல்லாம் தேவனுக்கு விரோதம் என்று பிரசங்கங்கள் முழங்கின. அந்தப் பிரசங்கங்களின் பேரப்பிள்ளைகளைத்தான் இன்று நாம் காரில் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம்.

நான் சந்தைக்கு எதிரி இல்லை. சந்தை என்னை இங்கே கொண்டுவந்தது; என் அம்மாவின் கண் அறுவைக்குக் காசு கொடுத்தது. எனக்கும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு இருக்கிறது. இந்த மடலை எழுத உட்கார்ந்த அன்று அதைத் திறந்து, மொத்தச் சந்தைக் குறியீட்டு நிதியின் பங்குப் பட்டியலைக் கீழே கீழே உருட்டிப் பார்த்தேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருந்தது. ஸ்டர்ம் ரூகர் இருந்தது. என் பங்கு சில டாலர்தான், ஆனால் என்னுடையது. ஆக, கை கழுவிய தண்ணீர்ச் சட்டியோடு உங்கள் முன் நிற்கிற பிலாத்து இல்லை நான். அழுக்கு எனக்கும் ஒட்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் வைப்பார்கள். வீட்டுக்கு வீடு அரிசி வரும், முடிந்தவர் ஆடு கொடுப்பார், முடியாதவர் விறகு வெட்டுவார். பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்வோம். வழியோடு போகிற லாரிக்காரர் இலை முன் உட்கார்ந்தால் யார், எவர் என்று கேட்கிற வழக்கம் இல்லை, சோறு விழும். சாதிச் சண்டை இல்லாத சொர்க்கம் என்று சொல்லவில்லை, அது வேறு மடல். ஆனால் அந்தப் பந்தலில் பிறந்த நாம் டெக்சாஸுக்கு வந்து, சொந்த வீடு, இரண்டு கார், கடன் முடியப்போகிற ஆலயம் என்று ஆசீர்வாதம் பெருகப் பெருக, காக்க வேண்டியதும் பெருகிவிட்டது. துப்பாக்கி அந்தக் கணக்கில்தான் உள்ளே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பயம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

ஆயுதமில்லாமல் வாசலில் நின்றவர்களும் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் ஆலயம். முதுகுப்பையோடு வந்தவன்மேல் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வெளியே போகச் சொன்னார் ஒரு தகப்பன். கையில் ஒன்றுமில்லை. குண்டு முற்றத்திலேயே வெடித்தது. அவர் செத்தார், ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் செத்தார்கள். உள்ளே இருந்த பெருங்கூட்டம் தப்பியது. இதை வெற்றிக் கதையாக நான் சொல்ல முடியாது. துப்பாக்கி இல்லாததால்தான் அந்தப் பிள்ளைகள் இறந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். முதுகில் வெடிகுண்டு கட்டியவனைச் சுட்டால் என்ன ஆகும் என்று நான் திருப்பிக் கேட்கலாம். அந்த விவாதம் வேண்டாம். வாசலில் நிற்க ஒரு மனிதன் வேண்டும், வருகிறவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த வேலையைத்தான் நாம் மூன்று வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். நம் வாசலில் இப்போது இருப்பது கைகழுவும் திரவமும் வாராந்தர அறிக்கைத் தாளும்தான்.

ஆகையால் என் கோரிக்கை. வருடாந்தரக் கூட்டத்துக்கு முன்பே அந்தத் தீர்மானத்தைச் செயற்குழு திரும்பப் பெறட்டும். பெறாவிட்டால், கூடுகிற நீங்கள் கை தூக்காதீர்கள். அதோடு, சட்டப்படியான அறிவிப்புப் பலகைகளை நம் வாசலில் வையுங்கள். மாநிலத் தண்டனைச் சட்டம் 30.05, 30.06, 30.07 பிரிவுகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. 30.06, 30.07 பலகைகளில் எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். சொத்துடையவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு என்பதும் இந்த நாட்டின் சுதந்திரத்தில் சேர்ந்ததே. துப்பாக்கிக்காக வாதாடுகிறவர்கள் சொத்துரிமையையும் மதிப்பார்கள் என்று நம்புகிறேன். கீழே தமிழில் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம், அதற்குச் சட்டம் தடை சொல்லவில்லை. பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் பின்கதவுக்குத் தாழ்ப்பாள், வாகன நிறுத்தத்துக்கு விளக்கு, பத்துப் பேருக்கு இரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பயிற்சி இவற்றைச் செய்யுங்கள். உறையோடு வருகிற என் ஐந்து சகோதரர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: கூட்டம் எதைத் தீர்மானித்தாலும், முதல் ஞாயிறு, திருவிருந்து நாளில், அதை வீட்டில் பெட்டியில் பூட்டிவிட்டு வாருங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். முழங்காலிடும்போது சட்டையைப் பற்றிய கவலை இல்லாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

வாசலுக்கு ஆள் வேண்டும் என்றேன். வருகிற ஞாயிறு முதல் எட்டரை மணிக்கே வந்து நான் நிற்கிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி உண்டு, ஒரு நாற்காலி போட்டுக்கொள்வேன். தெரிந்த முகத்துக்கு ஸ்தோத்திரம் சொல்வேன், தெரியாத முகத்துக்குப் பெயர் கேட்டு, காபி இருக்கும் இடத்தைக் காட்டி, கூட உட்காருவேன். ஒருவனாக முடியாது, இன்னும் மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவராக, அன்று எனக்கு முன்னால் முழங்காலிட்டவரே, நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன். என் எண் உங்களிடம் இருக்கிறது.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
டாலஸ் புறநகர்த் தமிழ்ச் சபையின் விசுவாசி ஒருவன்